இரண்டு மதிப்பெண் குறைவு

லிண்டன் க்ரீக், நெப்ராஸ்கா
9 செப்டம்பர் 2007

அன்புள்ள ரோசலி அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் லம்பர்ட் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் மூச்சுக்கு அரிசோனாக் காற்றுதான் நல்லது என்று சொல்லித்தான் உன்னை எங்களிடமிருந்து கூட்டிக்கொண்டு போனார். அந்தக் காற்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

நான் எழுதுவதே இல்லை என்று நீ குறைப்பட்டது நியாயம்தான். நாள் முழுக்க நானூறு வீட்டுத் தபால்பெட்டிகளில் ஊரார் கடிதங்களைப் போட்டுவிட்டு வந்தால் சொந்தமாக ஒன்று எழுத விரல் மடங்குவதில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ டீச்சராகிவிடுகிறாய். நான் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையாகிவிடுகிறேன். கடிதமே மேல்.

டுவேனுக்கு முதுகுவலி விடவில்லை. மக்காச்சோளம் இன்னும் மூன்று வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வயலில் சுற்றிவரும் பாசன இயந்திரம் பழுதானால் இப்போதெல்லாம் அப்பாவுக்குப் பதில் ஜனெல்தான் ஏறிப் பார்க்கிறாள். போன மாதம் கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினியர், இவள் கியர்பெட்டியைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம். "அதுவே சொல்லிச்சு" என்றாளாம் இவள். அவர்தான் இந்தியானாவில் தான் படித்த எஞ்சினியரிங் கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

சொல்ல வந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஆலோசகர் டாலிவரைப் பார்த்தேன். ஜனெலின் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நல்ல பொண்ணுதான் லவோன். ஆனா கால்குலஸ் இல்லயே" என்றார்.

"அப்ப சேத்து விடுங்க."

"நெனச்சா சேக்கற விஷயமில்ல. இந்த வருஷம்தான் அவ ப்ரீ-கால்குலஸ் படிக்கிறா. அத முடிச்சாதான் அடுத்தது."

"அத ஏன் போன வருஷமே படிக்கல?"

"போன வருஷம் ரெண்டாவது அல்ஜீப்ரா. அதுக்கு முன்னாடி ஜாமெட்ரி. அதுக்கும் முன்னாடி மொத அல்ஜீப்ரா. கால்குலஸ் வரைக்கும் போற பசங்க அந்த மொத அல்ஜீப்ராவ எட்டாவதுலயே முடிச்சிருப்பாங்க."

இப்படியே வருடம் வருடமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் ஆறாம் வகுப்பில் போய் நின்றார். அந்த வருடக் கடைசியில் ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்களாம். அதில் தேறியவர்கள் ஒரு வரிசை, மற்றவர்கள் இன்னொரு வரிசை. கல்லூரிக்கு அவர் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். இந்தப் பள்ளியிலேயே கடினமான பாடங்களை இந்த மாணவி எடுத்தாளா என்று அதில் கேட்டு மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். முதல் கட்டத்தில் குறியிட மனசாட்சி இடம் தராது என்கிறார். நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் காலையில் எழுதிய பரீட்சை, பதினெட்டு வயதில் வந்து வாசலை மறிக்குமா அக்கா? நீ முப்பது வருடம் அந்தப் பள்ளியில் கணக்குத் துறையைக் கட்டி ஆண்டவள். உனக்குத் தெரியாமல் இருக்காது. ஏதாவது வழி இருந்தால் எழுது.

உன் தங்கை,
லவோன்


மேசா, அரிசோனா
18 செப்டம்பர் 2007

அன்பு லவோன்,

உன் கடிதம் கிடைத்தது. லம்பர்ட் மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார். ஆனால் குழாயோடேயே சீட்டாடுகிறார், தோற்றால் சண்டை போடுகிறார். ஆகவே நலம் என்றே எழுதலாம். இங்கே இன்னும் நூற்றுநான்கு டிகிரி. தபால்பெட்டி வரை நடந்துபோனால் செருப்பு சுடுகிறது.

ஜனெல் விஷயம். டாலிவர் சொன்னது சரி. ஆறாம் வகுப்புப் பரீட்சையில் எண்பத்தைந்து வாங்கினால் மேல் வரிசை. ஜனெல் எண்பத்து மூன்று. விதி எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. ப்ரீ-கால்குலஸ் ஆசிரியரிடம் போய், புத்தகத்தைக் கிறிஸ்துமசுக்குள் தானே முடித்துக் காட்டுவதாகக் கேட்கச் சொல். முடித்தால் ஜனவரியில் கொலம்பஸில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் கால்குலஸ் சேரலாம். கல்லூரிகள் அரையாண்டு மதிப்பெண்களைக் கேட்டு வாங்கும். அதில் இதையும் எழுதி அனுப்பலாம். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கால்குலஸ் இல்லாமல் எஞ்சினியரிங்கில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

அவளை ரொம்ப விரட்டாதே. டுவேனை முதுகுக்கு ஐஸ் வைக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் அக்கா,
ரோசலி


லிண்டன் க்ரீக்
6 நவம்பர் 2007

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே நடக்கிறது. கணக்கு ஆசிரியர் சின்னப் பையன், முதல் வருடம். ஜனெல் போய்க் கேட்டதும், "நெஜமாவா? யாரும் இப்படிக் கேட்டதே இல்ல" என்று மகிழ்ந்துபோய் தன் சொந்தக் குறிப்புகளையே கொடுத்துவிட்டாராம். அறுவடை முடியும்வரை டிராக்டரில் உட்கார்ந்தே படித்தாள். புத்தகம் முழுக்க கிரீஸ் கறை.

ஆனால் அவள் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் டுவேன், புதிதாக வாங்கிய மூலை நிலத்துக்குத் தண்ணீர் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜனெல் தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல், "பதினோரு மணி நேரம், இருபது நிமிஷம்" என்றாள். சரியாக இருந்தது. "பாத்தியா, கணக்குல புலி" என்றேன்.

"இது கணக்கு இல்லம்மா, தண்ணி. கணக்கு எனக்கு வராது. சின்ன வயசுலயே டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டாங்கல்ல."

சாதாரணமாகச் சொன்னாள். தன் கண் நிறம் என்ன என்று சொல்வது போல.

இன்னொன்று எழுத வேண்டும். இரண்டு நாளாக எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இலையுதிர்கால விருந்து. வழக்கம்போல வாத்து வறுவல், மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். நானும் பல் டாக்டர் ஸ்வோபோதாவின் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பரிமாறினோம். கரண்டியும் கையுமாக அவள் என்னிடம் சொன்னது இது:

"உங்க அக்காவ நாங்க மறக்கவே மாட்டோம் லவோன். எங்க ட்ரெவர் அந்த ஆறாவது டெஸ்ட்டுல எழுவத்தாறுதான் வாங்கினான். அவங்கதான் பெரிய மனசு பண்ணி மேல் கிளாஸ்ல ஏத்தி விட்டாங்க. இப்ப பாருங்க, கால்குலஸ் வேணாம்னு தெனம் அழறான். கோல்ஃப் மைதானத்த நிர்வாகம் பண்ற படிப்பு படிக்கப் போறானாம்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். வரிசையில் அடுத்து நின்றவர் தட்டை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

அக்கா, எழுபத்தாறு மேலே போனது எப்படி? எண்பத்து மூன்று கீழே நின்றது எப்படி? அவள் ஏதோ தவறாக நினைவு வைத்திருக்கிறாள் என்று நீ எழுதினால் நான் நம்புவேன். நம்பத் தயாராகத்தான் இருக்கிறேன்.

லவோன்


மேசா
14 டிசம்பர் 2007

லவோன், டுவேன், ஜனெல் மூவருக்கும்,

இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எங்கள் பின்பக்கத்து மரத்தில் பறித்த பம்பளிமாசுப் பழங்கள் ஒரு பெட்டி தனியாக வருகிறது. குளிர்ந்த இடத்தில் வையுங்கள். லம்பர்ட் போன வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மற்றவை பிறகு.

அன்புடன்,
ரோசலி, லம்பர்ட்


லிண்டன் க்ரீக்
2 ஜனவரி 2008

அன்புள்ள அக்கா,

பழங்கள் வந்தன. நன்றி. இரண்டுதான் அழுகியிருந்தன.

அத்தான் வீடு திரும்பியது ஆறுதல். அவருக்கு என் அன்பைச் சொல்.

ஜனெல் புத்தகத்தை டிசம்பர் பத்தொன்பதாம் தேதி முடித்தாள். தேர்வில் தொண்ணூற்று நான்கு. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் கொலம்பஸுக்கு முப்பத்தெட்டு மைல் ஓட்டிக்கொண்டு போய் கால்குலஸ் படிக்கப் போகிறாள். இந்தியானாவுக்கு விண்ணப்பம் போயாயிற்று. டாலிவர் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, ஓரத்தில் இவளைப் பற்றி நான்கு வரி எழுதியும் வைத்தார்.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லாதே. தபால் எப்படித் தொலையும், எப்படித் தொலையாது என்று எனக்குத் தெரியும்.

லவோன்


மேசா
20 ஜனவரி 2008

என் லவோனுக்கு,

ஸ்வோபோதாவின் மனைவிக்கு நினைவு பிசகவில்லை.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது. இதை எழுதி முடித்ததும் படித்துப் பார்க்காமல் ஒட்டிவிடப் போகிறேன். படித்தால் திருத்துவேன். திருத்தினால் எனக்குச் சாதகமாகத்தான் திருத்துவேன்.

2002 மே மாதம். எண்பத்தைந்தும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் தானாக மேல் வரிசைக்குப் போவார்கள். எண்பதிலிருந்து எண்பத்து நான்கு வரை வாங்கியவர்களை, வகுப்பு ஆசிரியர் பரிந்துரைத்தால் நான் கையெழுத்துப் போட்டு ஏற்றலாம். எண்பதுக்குக் கீழே இருந்தால் யாராலும் முடியாது. இதுதான் விதி. விதியை எழுதியதும் நான்தான்.

அந்த வாரம் பள்ளிகளின் கண்காணிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்வோபோதா அப்போது பள்ளி வாரியத்தில் இருந்தார். கணக்குத் துறையில் ஓர் ஆசிரியர் பதவியை வெட்டலாமா என்று வாரியம் அந்த மாதம்தான் ஓட்டுப் போட இருந்தது. கண்காணிப்பாளர் எதையும் நேராகச் சொல்லவில்லை. "பையன் சூட்டிகைதான் ரோசலி. பரீட்சையன்னிக்கு காய்ச்சலாம். கொஞ்சம் பாத்து பண்ணுங்க" என்றார். நான் பார்த்துப் பண்ணினேன். ஒரு ஆசிரியரின் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அந்த வேலையும் போய்விட்டது.

அதே மாலை, அதே மேசையில், ஜனெலின் தாள் வந்தது. எண்பத்து மூன்று. ஆறாம் வகுப்பு ஆசிரியை பரிந்துரையும் எழுதியிருந்தாள். "இந்தப் பெண்ணை மேலே அனுப்புங்கள், இங்கே சலித்துப்போகிறாள்" என்று. கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. நியாயமும் அதுதான், விதியும் அதுதான்.

போடவில்லை, லவோன்.

ட்ரெவர் விஷயம் வெளியே வந்தால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். சொந்தத் தங்கை மகளையே இரண்டு மதிப்பெண்ணுக்காக நிறுத்தினேன் என்று இருந்தால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தோன்றியது. பரிந்துரையின் மேல் ஒரு கோடு போட்டேன். இலையுதிர்காலத்தில் இன்னொரு தாய் வந்து சண்டை போட்டாள். "என் தங்கை பொண்ணையே விடல, தெரியுமா?" என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். ரோசலி டீச்சர் நேர்மைக்குப் பெயர்போனவள் என்று நான் ஓய்வுபெறும் விருந்தில் பேசினார்களே, நீ கைதட்டினாயே, அதற்கு விலை உன் மகள்.

அந்த வரம்பில் இன்னும் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். இவளை நிறுத்தியபின் அவர்களை எப்படி ஏற்றுவது? அவர்களையும் நிறுத்தினேன். பெரும்பாலும் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்ய வந்த, ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள். யாருடைய அப்பா அம்மாவும் வந்து கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இந்தியானாக் கல்லூரிக்கு நடந்ததை எழுதி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பயன் இருக்குமா என்று தெரியவில்லை.

மன்னிக்கும்படி கேட்கவில்லை.

ரோசலி


லிண்டன் க்ரீக்
30 மார்ச் 2008

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிப்பதற்காக அல்ல. பனி, வேலை, டுவேனுக்கு ஆபரேஷன், ஜனெல் வண்டி ஒருமுறை பள்ளத்தில் இறங்கியது. எதற்கும் எனக்குப் பலமில்லை. கோபப்படவும்தான்.

இந்தியானாவிலிருந்து பதில் வந்தது. காலையில் அஞ்சலகத்தில் என் தடத்துக் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது கையில் பட்டது. மெல்லிய உறை. சேர்த்துக்கொண்டால் தடித்த உறையாக வரும். உள்ளே ஒரே தாள்தான் என்று தொட்டாலே தெரியும். நம் வீடு என் தடத்தில் இருநூற்று எழுபதாவது பெட்டி. அதை முறைப்படி வரிசையில் வைத்து, இருநூற்று அறுபத்தொன்பது வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டு, நம் பெட்டியில் போட்டேன். மூடியை மூடி, பெட்டியின் பக்கவாட்டிலிருக்கும் தகரக் கொடியைக்கூடச் சரிசெய்தேன். பிறகு மீதி நூற்று முப்பது வீடுகளையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜனெல் படித்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.

"இல்லன்னுட்டாங்கம்மா" என்றாள். "சாப்ட்டியா?" என்று என்னைக் கேட்டாள்.

டாலிவரிடம் கேட்டேன். "கால்குலஸ் ஒண்ணுதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது லவோன். ஆனா அவங்களுக்கு வந்த விண்ணப்பத்துல பத்துல ஒம்போது பேர் அத முடிச்சவங்க" என்றார். உன் கடிதத்துக்கு அவர்கள் ஏதாவது பதில் போட்டார்களா? போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. ஆனால் எஞ்சினியரிங்கில் அல்ல. முதல் வருடம் பொதுவாகப் படித்து, கணக்கில் தேறிக் காட்டினால் அடுத்த வருடம் பார்க்கலாமாம்.

நான் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும். நாமெல்லாம் எத்தனை வருடத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். ஆனால் ஆறு வருடமாக அந்தப் பெண் தனக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். யாரோ ஆராய்ந்து பார்த்துச் சொன்ன உண்மை என்று நம்பினாள். அது பரீட்சை சொன்னதில்லை, நீ போட்ட ஒரு கோடு சொன்னது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. உன் கடிதத்தை என் சீருடை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டியவள் நான் அல்ல. மே பதினேழு ஜனெலுக்குப் பள்ளியில் பட்டமளிப்பு. வா. நேரில் சொல். கடிதத்தில் வேண்டாம், போனில் வேண்டாம்.

அந்த ஏழு பேர் யார் என்று எனக்கு எழுதாதே. அதில் பாதி வீடுகளுக்கு நான்தான் கடிதம் கொண்டுபோகிறேன். பெயர் தெரிந்தால் அந்தப் பெட்டிகளை எப்படித் திறப்பேன்?

லவோன்


மேசா
25 மே 2008

அன்பு லவோன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி லம்பர்ட்டை நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இல்லாததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

வயலில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. ஜனெலும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டமளிப்புக்கு மறுநாள் அவள் பாசன இயந்திரத்துக்கு எண்ணெய் போடக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். அவள் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு வேலை செய்தாள். நான் சேற்றில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடக் குறைவாகவும் இல்லை, கூடவும் இல்லை. முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கலாம்.

சக்கரத்தடியிலிருந்தே, "எத்தன மார்க்?" என்றாள்.

"எண்பத்து மூணு."

"எனக்கு யாரும் மார்க்கே சொல்லல. அறுவது, அறுவத்தஞ்சு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

எண்ணெய்க் கேனை வெளியே தள்ளிவிட்டு மறுபடி கேட்டாள்:

"ஒவ்வொரு பர்த்டே கார்டுலயும் 'உனக்குன்னு வேற திறமையெல்லாம் இருக்கு'ன்னு எழுதுவீங்களே பெரியம்மா. அது எதுக்கு?"

"எனக்காகத்தான்" என்றேன். அதுதான் உண்மை.

"ம்" என்றாள். பிறகு, "அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுங்க" என்று கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். தவறான ஸ்பேனர். அவளே எழுந்து வந்து சரியானதை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். விமான நிலையத்துக்கு அவளே கொண்டுவந்து விட்டதும் உனக்குத் தெரியும். பெட்டியை இறக்கி வைத்தாள். கட்டிக்கொள்ளவில்லை. நானும் கையை நீட்டவில்லை.

இந்தக் கோடை முழுக்க அங்கே வந்து தங்கி அவளுக்குக் கால்குலஸ் சொல்லித் தருகிறேன் என்று கேட்க நினைத்துத்தான் வந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் எனக்காகத்தான் இருந்திருக்கும்.

ரோசலி


லிண்டன் க்ரீக்
31 ஆகஸ்ட் 2008

அன்புள்ள அக்கா,

அத்தான் மறுபடி ஆஸ்பத்திரி போய்வந்ததாக எழுதியிருந்தாய். பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். எனக்குத் தெரியும், டுவேன் படுத்திருந்தபோது நானும் அப்படித்தான்.

ஜனெலைப் போன சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வந்தோம். கொலம்பஸ் வகுப்பை பி மதிப்பெண்ணோடு முடித்திருந்தாள். இருந்தும் முதலிலிருந்தே படிக்கிறேன் என்று கால்குலஸ் வகுப்பிலேயே சேர்ந்திருக்கிறாள். இருநூறு பேர் உட்காரும் கூடம். புதன்கிழமை போன் பண்ணினாள்.

"பாதிப் பேர் ஸ்கூல்லயே ஒரு வருஷம் முழுசாப் படிச்சிட்டு வந்திருக்காங்கம்மா. ரெண்டாவது தடவ அதே படத்தப் பாக்கற மாதிரி கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் சீட்டு நுனில உக்காந்திருக்கேன்."

"கஷ்டமா இருக்கா?"

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா புரியுது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மெதுவாப் புரியுது" என்றாள்.

தேறுவாளா, அடுத்த வருடம் எஞ்சினியரிங்கில் எடுத்துக்கொள்வார்களா, தெரியாது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூலையில் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். உன் பெயரையோ ட்ரெவர் பெயரையோ சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பரீட்சை மதிப்பெண்ணை ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதமாக அனுப்ப வேண்டும், ஸ்பானிஷிலும் எழுத வேண்டும், அந்தப் பரீட்சை எதுவரைக்கும் போகும் என்பதையும் அதில் எழுத வேண்டும் என்றேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். இரண்டில் முடித்துவிட்டேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். குறித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறாய். காலையில் இருக்கிறேன். நூறு பெட்டி தாண்டியதும் மறந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அவளுடைய காலி அறையைப் பார்த்தால் திரும்ப வருகிறது. இப்படியே பழகிவிடும் என்று நினைக்கிறேன். நீ என் அக்கா. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஜனெல் உன்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கோடையில் போட்ட மூன்று கடிதத்திலும் நீ அவள் எப்படி இருக்கிறாள், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று என்னிடம் கேட்கிறாய். அவளும் அன்று, "பெரியம்மா லெட்டர் போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் கொண்டுபோய்ப் போட என்னால் இனி முடியாது அக்கா. சம்பளத்துக்குச் செய்வதே போதும்.

அவள் விடுதி முகவரியை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கேட்டுத்தான் எழுதினேன். "குடு" என்றாள்.

அறை எண்ணை மறக்காமல் போடு. இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

உன் தங்கை,
லவோன்